பாலைவனத்து லாச்சி வீடுகள்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்து மேற்கு எல்லையில், கலிபோர்னியாவைப் பிரிக்கும் கொலராடோ ஆற்றுக்குச் சுமார் 30 கிலோமீற்றர் இப்பால், குவார்ட்சைட் என்றொரு சிற்றூர் இருக்கிறது. 2020ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி அங்கு நிரந்தரமாக வசிப்பவர்கள் 2,413 பேர் மட்டுமே. கோடையில் வெப்பம் 45 பாகை செல்சியசையும் தாண்டுவதுண்டு. அப்போது பாதிக் கடைகள் பூட்டியிருக்கும். ஆனால் மார்கழி, தை மாதங்களில் அங்கே போய்ப் பாருங்கள். கண்ணுக்கெட்டிய தூரம் வரை கல்லும் முட்செடியுமான வெளியில் வெள்ளை வெள்ளையாக வாகன வீடுகள் நிற்கும். வடக்கின் பனியிலிருந்து தப்பி வருபவர்கள், கல்லும் கனிமமும் விற்பவர்கள், ஜனவரியில் நடக்கும் பெரிய கூடாரச் சந்தையைப் பார்க்க வருபவர்கள் என்று ஒரு பருவத்தில் இலட்சக்கணக்கானோர் வந்து போகிறார்கள்.

ஊரின் பழைய இடுகாட்டில் கல்லால் கட்டிய ஒரு சிறு கூம்புக் கோபுரமும் அதன் உச்சியில் செம்பினாலான ஒட்டகமும் இருக்கின்றன. 1856இல் அமெரிக்க இராணுவம் பாலைவனத்தில் சுமை இழுக்க மத்திய கிழக்கிலிருந்து ஒட்டகங்களை இறக்குமதி செய்தபோது, அவற்றை நடத்தக் கூட வந்தவர்களில் ஒருவர் ஹாஜி அலி. வெள்ளையர் வாயில் அந்தப் பெயர் ‘ஹை ஜொலி’ ஆகிவிட்டது. ஒட்டகத் திட்டம் கைவிடப்பட்ட பின்னும் அவர் ஊர் திரும்பவில்லை. 1902இல் இங்கேயே இறந்தார். 1935இல் மாநில நெடுஞ்சாலைத் திணைக்களம் அவருக்கு இந்த நினைவுச் சின்னத்தை எழுப்பியது. ஊருக்கு வடக்கே ஒரு தங்குமிட வெளிக்கும் அவர் பெயரே. நான் எழுதப்போகும் சம்பவம் நடந்தது அந்த வெளியில்தான்.

2024 ஜனவரியில் பீனிக்ஸ் நகரிலுள்ள என் ஒன்றுவிட்ட அக்கா வீட்டில் மூன்று வாரம் தங்கியிருந்தேன். அக்கா முதியோர் பராமரிப்பு நிலையமொன்றில் வேலை செய்கிறார். அவருடன் பல வருடம் ஒரே நிலையத்தில் உதவித் தாதியாக இருந்த ஒரு அமெரிக்கப் பெண்மணி, ஓய்வுபெற்ற பின் வீட்டை விட்டு ஒரு ட்ரெய்லரில் குடியேறிவிட்டார். “நீ சமூகவியல் படித்தவள், ஒருமுறை வந்து பார்” என்று அக்கா கூட்டிப்போனார். பீனிக்சிலிருந்து 10ஆம் இலக்க நெடுஞ்சாலையில் மேற்கே இரண்டு மணி நேர ஓட்டம். வழியெல்லாம் கை தூக்கி நிற்கும் சகுவாரோக் கள்ளிகள். அந்தப் பெண்மணிக்கு வயது 69. பெயர் எழுதப்படுவதை அவர் விரும்பவில்லை.

இப்படி வாழ்பவர்கள் எல்லோரும் ஒரு வகையினர் அல்லர். இலட்சக்கணக்கான டொலர் பெறுமதியான, பஸ் அளவு வாகனத்தில் உல்லாசமாக வருபவர்களும் உண்டு. பழைய வானின் பின்பக்கத்தில் மெத்தை போட்டுப் படுப்பவர்களும் உண்டு. இரண்டாவது வகையினரைப் பற்றி ஜெசிக்கா ப்ரூடர் என்ற பெண் பத்திரிகையாளர் 2017இல் ‘நோமட்லாண்ட்’ என்ற நூலை எழுதினார். குளோயி ஷாவ் அதைப் படமாக்கி 2021இல் சிறந்த இயக்குநருக்கான ஒஸ்கார் விருதைப் பெற்றார். அந்தப் படத்திலும் இந்த ஊர் வருகிறது. படம் பார்த்தவர்களுக்கு அந்தப் பாலைவன மாலைகளின் அழகு நினைவிலிருக்கும். எனக்கோ நேரில் முதலில் பட்டது வேறு: தனியாக இருந்த பெண்களின் தொகை. கணவனை இழந்தவர்கள், மணமுறிவு பெற்றவர்கள், பிள்ளைகளுக்குப் பாரமாக இருக்க விரும்பாதவர்கள்.

காரணம் தேட அதிக தூரம் போகவேண்டியதில்லை. அமெரிக்காவில் அரசின் சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம் ஒருவர் அதிகம் உழைத்த 35 வருடங்களின் வருமானத்தை வைத்துக் கணிக்கப்படுகிறது. உழைக்காத வருடங்கள் பூச்சியமாகவே கூட்டப்படும். பிள்ளை வளர்க்கவும் தாய் தகப்பனைப் பார்க்கவும் வேலையை விட்ட பெண்ணுக்கு அந்தப் பூச்சியங்கள் சேர்ந்துவிடுகின்றன. நான் சந்தித்த பெண்மணி மூன்று பிள்ளைகளுக்காகப் பதினொரு வருடமும், மாமியாருக்காக நான்கு வருடமும் வீட்டில் இருந்தவர். பீனிக்சில் ஓர் அறை வாடகை கொடுத்தால் ஓய்வூதியத்தில் சாப்பாட்டுக்கு எதுவும் மிஞ்சாது. ஆகவே கணவர் விட்டுச்சென்ற பிக்கப் வாகனமும், பழையதாக வாங்கிய 27 அடி ட்ரெய்லரும் அவருடைய வீடும் வளவும் ஆயின.

அந்த ட்ரெய்லரைக் கண்டதும் எனக்கு வியப்பாக இருந்தது அதன் ஒரு பக்கச் சுவர். வீதியில் ஓடும் வாகனம் 8½ அடிக்கு மேல் அகலமாக இருக்கக்கூடாது. அதற்குள் குசினி, சாப்பாட்டு மேசை, இருக்கை எல்லாம் வைத்தால் ஒருவர் நடக்க இடமில்லை. எனவே சுவரின் ஒரு பெரிய துண்டைத் தரை, கூரை, கதிரை, மேசையோடு சேர்த்து ஒரு பெட்டியாகச் செய்து, நிறுத்திய இடத்தில் ஒரு பொத்தானை அழுத்தினால் மூன்று அடியளவு வெளியே வரும்படி அமைத்திருக்கிறார்கள். புறப்படும்போது மீண்டும் உள்ளே இழுக்கவேண்டும். ஆங்கிலத்தில் ‘ஸ்லைட்-அவுட்’ என்பார்கள். நம் மேசை லாச்சியை இழுப்பது, தள்ளுவது போலத்தான். நான் அதை லாச்சி அறை என்றே எழுதுகிறேன். சில நூறு கிலோ எடையுள்ள இந்த லாச்சியை நகர்த்துவது தரைக்கடியில் இருக்கும், இரண்டு கைக்குள் அடங்கும் ஒரு மோட்டர்.

1990இல் இந்தியானா மாநிலத்து நப்பனி என்னும் சிற்றூர் நிறுவனமொன்று இதைத் தன் வாகனங்களில் கொண்டுவந்தது. அதன் பின் லாச்சி இல்லாத வாகன வீட்டை வாங்க ஆளில்லை என்ற நிலை வந்துவிட்டது. அந்த ஊரும், அதற்கு அண்மையிலுள்ள எல்கார்ட் நகரமும்தான் அமெரிக்காவின் வாகன வீடுகளில் மிகப் பெரும்பாலானவற்றைச் செய்கின்றன. சொந்தமாகக் கார் வைத்திருக்காத, வீட்டுக்கு மின்கம்பி இழுக்காத ஆமிஷ் சமயத்தவர் பலர் அத்தொழிற்சாலைகளில் வேலை செய்வது ஒரு வேடிக்கை. மின்சாரத்தில் அசையும் சுவர்களை அவர்கள் கை பொருத்துகிறது. 2008 பொருளாதாரச் சரிவில் மக்கள் இப்படியான வாகனம் வாங்குவதை நிறுத்தியதும், 2009இல் எல்கார்ட் பகுதியில் வேலையின்மை 20 சதவீதத்தை அண்மித்தது. பதவியேற்று மூன்று வாரத்தில் ஜனாதிபதி ஒபாமா அங்கு போனார். அதே சரிவில் வீட்டை இழந்த வேறு பலர், மலிவாக விலைக்கு வந்த பழைய வாகன வீடுகளுக்குள் குடிபுகுந்தார்கள்.

இனி அந்த வெளியின் சட்டத்தைச் சொல்ல வேண்டும். அது மத்திய அரசின் காணி நிர்வாகப் பணியகத்துக்குச் சொந்தமானது. வாடகை இல்லை, தண்ணீர், மின்சாரம், மலசலகூடமும் இல்லை. நுழையும்போது திகதி எழுதிய ஒரு துண்டு தருவார்கள். 14 நாள் இருக்கலாம். அதன் பின் 25 மைலுக்கு, அதாவது 40 கிலோமீற்றருக்கு அப்பால் போய்விட வேண்டும். ஊருக்குத் தெற்கே லா போசா என்ற இடத்தில் பணம் கட்டி செப்டெம்பர் நடுப்பகுதி முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரை தங்கும் வசதியும் உண்டு. இந்தப் பெண்மணி அந்தப் பணத்தை மிச்சம்பிடித்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வீட்டைக் கட்டிக்கொண்டு போவதையே தெரிவுசெய்திருந்தார். பணத்துக்காக மட்டுமல்ல, ஒரே அயலைப் பார்த்துக்கொண்டிருக்க அலுப்பு என்றும் சொன்னார். இரண்டும் உண்மையாக இருக்கலாம்.

நாங்கள் போனது அவருடைய 13ஆம் நாள். இரவு ட்ரெய்லரிலேயே படுத்தோம். மேசையை இறக்கி மெத்தையை விரித்தால் கட்டில். மறுநாள் காலை தேநீருக்குப் பின் எல்லாவற்றையும் அடுக்கிக் கட்டிவிட்டு அவர் பொத்தானை அழுத்தினார். ‘டிக்’ என்றொரு சத்தம். சுவர் அசையவில்லை. மீண்டும் அழுத்தினார். மீண்டும் ‘டிக்’.

இதன் பாரதூரம் எனக்கு உடனே விளங்கவில்லை. கதவு திறக்காவிட்டால் யன்னலால் போகலாம் என்பது போலத்தான் நினைத்தேன். அக்கா விளக்கினார். லாச்சி வெளியே நிற்க வாகனத்தை வீதியில் எடுக்க முடியாது. சட்டமும் விடாது, அடுத்த வாகனமும் விடாது. அன்று 14ஆம் நாள். மாலையில் கடுங்காற்று வரும் என்று வானொலி சொல்லியிருந்தது. வெளியே நீட்டி நிற்கும் பெட்டிக்கும் அதன் மேல் விரியும் சீலைக்கும் காற்று நல்லதல்ல. நடமாடும் திருத்துநர்கள் ஜனவரியில் மூச்சுவிட நேரமில்லாதவர்கள். ஒருவரை அழைத்தபோது நான்கு நாள் கழித்து வரலாம், வந்து பார்க்கவே 150 டொலர் என்றார். அது அப்பெண்மணியின் ஒரு மாதச் சாப்பாட்டுச் செலவில் பாதி.

அந்த வெளியின் பொறுப்பாளரிடம் போய் நிலைமையைச் சொன்னால் இரண்டொரு நாள் தருவார் அல்லவா என்று கேட்டேன். தருவார், நல்ல மனிதர் என்றார். ஆனால் கேட்கப் போகவில்லை. “கேட்பது பழகிவிடும்” என்றார் சுருக்கமாக. குடும்பத் தலைவிகளோடு பல வருடம் வேலை செய்த எனக்கு அந்தத் தொனி புதிதல்ல.

அடுத்த ட்ரெய்லரில் இருந்தவர் முன்னாள் பாடசாலை பஸ் சாரதி, 72 வயதுப் பெண். இருவரும் இரண்டு பருவமாக ஒன்றாகவே இடம் மாறுகிறார்கள். அவர் தன் கருவிப் பெட்டியுடன் வந்தார். வந்தவர் ஒரு வார்த்தை பேசாமல் பொத்தானை அழுத்தச் சொல்லி, ட்ரெய்லரின் அடியில் காதை வைத்தார். பிறகுதான் எங்களுக்குச் சொன்னார்: முதலில் கண்ணைவிடக் காதை நம்ப வேண்டும். ஒரு சத்தமும் இல்லையென்றால் பியூஸ் அல்லது பொத்தான். ‘டிக்’ என்றால் கட்டளை போய்ச் சேர்கிறது, பலம் போய்ச் சேரவில்லை. மோட்டர் உறுமியும் அறை நகரவில்லையென்றால் எங்கோ சிக்கியிருக்கிறது அல்லது பல் சக்கரமோ முளையோ உடைந்திருக்கிறது. ஒரு பக்கம் நகர்ந்து மறுபக்கம் நின்றால் உடனே கையை எடுத்துவிட வேண்டும். தொடர்ந்து அழுத்தினால் பெட்டி கோணி, அதன் பின் செலவு ஆயிரக்கணக்கில்.

எங்களுடையது ‘டிக்’. எனவே பற்றரி. இரவு குளிர் 4 பாகைக்கு இறங்கியதால் சூடாக்கியின் விசிறி விடிய விடிய ஓடியிருந்தது. கூரையிலிருந்த சூரியத் தகட்டின் மேல் இரண்டு வாரத் தூசு. வோல்ற்மானியை வைத்தால் 11.6. நிறைந்த பற்றரி என்றால் 12.6க்கு மேல் காட்ட வேண்டும். 11.6இல் விளக்கு எரியும், தண்ணீர்ப் பம்பி ஓடும், ஆகவே பற்றரி நன்றாயிருக்கிறது என்று ஆட்கள் நினைத்துவிடுகிறார்கள். லாச்சி மோட்டருக்கோ அந்த வீட்டிலேயே மிகக் கூடுதலான மின்னோட்டம் தேவை. பொத்தானை அழுத்தியபோது விளக்கும் மங்கியதை அப்போதுதான் நானும் கவனித்தேன். பற்றரி முனைகளில் பூத்திருந்த வெண்பச்சைத் தூளைச் சோடா உப்புத் தண்ணீர் விட்டுக் கழுவித் துடைத்தார்கள். பிக்கப்பை முன்னே கொண்டுவந்து தடித்த வயர்களால் இரண்டு பற்றரிகளையும் இணைத்து, இயந்திரத்தை ஓடவிட்டு அரை மணி நேரம் காத்திருந்தோம். 13.5க்கு மேல் காட்டியது.

பொத்தான். ‘டிக்’.

பஸ் சாரதியம்மா பியூஸ்களையும், பற்றரிக்கு அருகிலிருந்த தன்னியக்கத் தடுப்பானையும் பார்த்தார். சரி. மோட்டரின் உடலில் சுத்தியலின் மரப்பிடியால் மெதுவாக இரண்டு தட்டு தட்டினார். உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கும் கரித்துண்டு சிலவேளை அப்படி விடுபடுமாம். அதுவும் பலிக்கவில்லை. நேரம் பதினொன்றாகியது. அவர் எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டு, முதலில் வீட்டைக் கையால் மூடுவோம், வருத்தம் என்னவென்று பிறகு தேடுவோம் என்றார்.

கையால் மூடும் வழி எல்லா வாகன வீட்டிலும் இருக்கிறது. ஆனால் அது எங்கே இருக்கிறது என்று பலருக்குத் தெரியாது என்பதுதான் விசயம். இவருடைய ட்ரெய்லரில் லாச்சி அறைக்கு எதிர்ப்பக்கத்தில், அடிப்பாவாடைத் தகட்டில் ஒரு சிறு துளை. அதற்குள் ஓர் அறுகோண முனை. கிணற்றுத் துலாவுக்கும் தையல் இயந்திரத்துக்கும் இடைப்பட்ட ஒரு வளைபிடியை அதில் மாட்டிச் சுற்ற வேண்டும். அதற்கு முன் மோட்டரின் பின்னாலுள்ள சிறு நெம்பைத் திருப்பித் தடுப்பை விடுவிக்க வேண்டும். அதை மறந்தால் எவ்வளவு பலசாலியாலும் அசைக்க முடியாது. பெண்மணியிடம் வளைபிடி இருந்தது. கட்டிலின் கீழ், ஒரு பழைய தலையணை உறைக்குள். கணவர் இருந்த காலத்தில் தான் அதைத் தொட்டதே இல்லை என்றும், அவர் இறந்த முதல் வருடம் இதே ஊரில் வேறொரு பெண்தான் அது என்னவென்று காட்டித் தந்தாள் என்றும் சொன்னார்.

கூரையில் கிடந்த சரளைகளைத் தும்புத்தடியால் கூட்டித் தள்ளினோம். உள்ளே லாச்சியின் பாதையில் ஏதும் கிடக்கிறதா என்று நான் டோர்ச் அடித்துப் பார்த்தேன். ஒரு மரக்கரண்டி கிடந்தது. பிறகு நான்கு பெண்களும் முறை வைத்துச் சுற்றினோம். ஒரு சுற்றுக்கு ஒரு விரல் அகலம்கூட வராது. அக்காவுக்குத் தோள் நோ. எனக்கு இருபது சுற்றுக்குள் மூச்சு வாங்கியது. 72 வயதுக்காரி நின்று நிதானமாகச் சுற்றினார். உள்ளே நின்ற பெண்மணி சுவரின் இரு ஓரங்களையும் பார்த்து, சரி, சரி, மெதுவாக என்று சொல்லிக்கொண்டேயிருந்தார். இருபத்தைந்து நிமிடத்தில் றப்பர் ஓரங்கள் நெருங்கி, காற்றுப் போகாமல் ஒட்டிக்கொண்டன. எவரும் கை தட்டவில்லை. பஸ் சாரதியம்மா உடனே தரையில் படுத்துத் தடுப்பு நெம்பைப் பழைய நிலைக்குத் திருப்பினார். இதை மறந்து புறப்பட்ட ஒருவரின் லாச்சி, வளைவொன்றில் தானாக வெளியே வந்த கதையைப் பிறகு தேநீரின்போது சொன்னார்.

பின்னேரம் இரண்டு மணிக்கு இரு ட்ரெய்லர்களும் முன்னே போக நாங்கள் காரில் பின்தொடர்ந்தோம். யூமா செல்லும் 95ஆம் இலக்க நெடுஞ்சாலையில் தெற்கே ஐம்பது கிலோமீற்றருக்குச் சற்று அப்பால், கிழக்கே கோஃபா மலைகள் தெரியும் ஒரு வெளியில் நிறுத்தினார்கள். காற்று வந்தது. லாச்சி மூடிய வீட்டுக்குள் அன்றிரவு மூன்று பேர் படுத்தோம். கதிரையின் முதுகு குளிர்சாதனப் பெட்டியின் கதவை அடைத்துக்கொண்டிருந்தது. மலசலகூடத்துக்குப் போகப் பக்கவாட்டில் நண்டு போல நகர வேண்டும். அந்த மூன்று அடி என்ன பெறுமதியானது என்று அன்றிரவு தெரிந்தது.

காலையில் நோயைக் கண்டுபிடித்தார்கள். பற்றரியில் 12.7 காட்டும்போது, பொத்தானை அழுத்திக்கொண்டு மோட்டரின் முனையில் அளந்தால் 6 வோல்ற்தான் வந்தது. நடுவழியில் எங்கோ மின் மறிபடுகிறது. வயரைக் கையால் தடவிக்கொண்டே போனபோது, இரும்புச் சட்டத்தோடு அதை இணைக்கும் ஆணி துருவேறி, விரலால் ஆட்டினாலே ஆடியது. இப்படியான வாகனங்களில் மின்சாரம் திரும்பி வரும் வழி அந்த இரும்புச் சட்டமே. ஆணியைக் கழற்றி, இரும்பைப் பளபளக்கும் வரை கம்பித் தூரிகையால் தேய்த்து, புதிய ஆணி போட்டு இறுக்கினார்கள். செலவு ஒரு டொலருக்கும் குறைவு. பொத்தானை அழுத்தியதும் சுவர் வெளியே போனது, ஒரு நிமிடத்துக்குள். பெண்மணி அது முற்றாக நின்ற பிறகும் ஒரு கணம் பொத்தானை அழுத்தியபடியே இருந்தார். பாதியில் விட்டால் இறுதிப் பூட்டு விழாது என்றார்.

எல்லா லாச்சிகளும் ஒரே மாதிரி அல்ல. தேநீர் குடித்தபடி நான் குறிப்பேட்டில் எழுதியவை இவை. இரு பக்கச் சுவர்களுக்குள்ளும் தனித்தனிச் சிறு மோட்டர் வைத்த வகை உண்டு. இரண்டும் ஒரே வேகத்தில் ஓட வேண்டும். ஒன்று பிந்தினால் கட்டுப்பாட்டுப் பெட்டி இரண்டையும் நிறுத்திவிடும். அதில் ஒரு பொத்தானை ஆறு தடவை விரைவாகத் தட்டி ஏழாவது தடவை அழுத்திப் பிடித்தால், சிவப்பும் பச்சையும் மின்னி, மோட்டரின் பிடி தளரும். அதன் பின் ஆட்களே தள்ளலாம். மந்திரம் போலிருக்கிறது என்றேன். கைந்நூலிலேயே அப்படித்தான் இருக்கிறது என்று காட்டினார்கள். உருக்குக் கம்பி வடத்தால் இழுபடும் வகையில் மூலைகளில் கம்பி பிரிந்திருக்கிறதா பார்க்க வேண்டும். எண்ணெய் அமுக்கத்தில் ஓடும் வகையில் எண்ணெய் மட்டத்தை எல்லா அறைகளும் உள்ளே இருக்கும்போதே பார்க்க வேண்டும். வெளியே இருக்கும்போது பார்த்துவிட்டு எண்ணெய் குறைவு என்று நிரப்புவோர், பிறகு அறையை மூடும்போது அது வழிந்தோடுவதைக் காண்பார்கள். பல் சட்டங்களுக்கு ஒட்டும் கிறீஸ் பூசக்கூடாது. பாலைவன மணல் முழுவதும் அதில்தான் வந்து சேரும். உலர்ந்துவிடும் மசகு வேண்டும். ட்ரெய்லர் சமமாக நிற்காவிட்டாலும் லாச்சி முரண்டு பிடிக்கும்.

இவற்றை ஆண்கள் எவரும் அங்கே சொல்லித்தரவில்லை என்பதைக் கவனித்தேன். இருந்தவர்கள் உதவ மறுப்பவர்கள் அல்லர். ஒருவர் வந்து பார்த்து, கொடு நான் செய்கிறேன் என்று கருவியை வாங்கப் பார்த்தார். பஸ் சாரதியம்மா நன்றி சொல்லி அனுப்பிவிட்டார். செய்து கொடுத்தால் அடுத்த முறையும் அவர் வேண்டும், காட்டிக் கொடுத்தால் வேண்டியதில்லை என்பது அவர் கணக்கு. வன்னியில் மீள்குடியேறிய பெண்களிடம் தண்ணீர் இறைக்கும் மோட்டர் பற்றி இதே கணக்கை நான் கேட்டிருக்கிறேன். மோட்டர் இருந்தும், அதை இயக்கிவிட அயல்வீட்டு ஆண் வரும்வரை தோட்டம் காய்ந்துகொண்டிருக்கும். அவர் வருவதற்கு ஊர் ஒரு கதையும் கட்டும்.

இன்னொரு சிக்கலும் நமக்குப் பழக்கமானதே: முகவரி. சக்கரத்தில் இருப்பவருக்கு வாக்குரிமை, சாரதி அனுமதிப்பத்திரம், காப்புறுதி எல்லாவற்றுக்கும் நிலையான முகவரி வேண்டும். கிராம சேவகரின் அத்தாட்சிக்காக அலைந்த நம் பெண்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அங்கே டெக்சாஸ், தென் டக்கோட்டா, புளோரிடா போன்ற மாநிலங்களில் கடிதங்களைப் பெற்று அனுப்பும் சேவைகள் மூலம் முகவரி பெற்றுக்கொள்கிறார்கள். அவற்றுள் பெரியது எஸ்கேப்பீஸ் என்ற சங்கம். 1978இல் ஜோ பீட்டர்சன், கே பீட்டர்சன் தம்பதியர் தொடங்கியது. கே ஒரு தாதி. அதனாலோ என்னவோ, டெக்சாசின் லிவிங்ஸ்ரன் ஊரிலுள்ள அச்சங்கத்தின் தலைமையிடத்தில், இனி ஓட்ட முடியாத உறுப்பினர்களுக்கான ஒரு பராமரிப்பு நிலையமும் இருக்கிறது. தங்கள் வாகன வீட்டை அங்கே நிறுத்தி அதிலேயே வாழலாம். சாப்பாடு, தாதியர் கவனிப்பு, வைத்தியரிடம் கூட்டிப்போதல் எல்லாம் நிலையம் பார்த்துக்கொள்ளும். முதியவரை வீட்டிலிருந்து பிடுங்காமல் வீட்டையும் சேர்த்து ஏற்றுக்கொள்ளும் இந்த ஏற்பாடு, முதியோர் இல்லங்களைப் பற்றி யோசிப்பவர்கள் பார்க்க வேண்டியது. ஆனால் இதற்கும் பணம் கட்டவேண்டும். பழைய வானில் படுப்பவருக்கு அது எட்டாது. பெண்களுக்கென்றே 1991இல் ஒரு வாகன வீட்டாளர் சங்கம் உருவாகியிருக்கிறது. அவர்கள் கூடும்போதெல்லாம் பராமரிப்பு வகுப்பும் நடக்குமாம்.

கை சுற்ற முடியாத காலம் வந்தால் என்ன செய்வீர்கள் என்று அக்கா கேட்டார். தாதியின் கேள்வி அது. அவர் வேலை செய்யும் இடத்தில் அதுதான் தினசரிக் கேள்வி. பெண்மணி லிவிங்ஸ்ரனுக்குப் பெயர் கொடுத்திருப்பதாகச் சொன்னார். மகளுக்குத் தெரியாது. மகள் தன் வீட்டில் ஓர் அறை இருக்கிறது என்று ஒவ்வொரு நத்தாருக்கும் சொல்கிறாள், ஆனால் அந்த அறையில் இப்போது பேரன் இருக்கிறான் என்றார். இதைச் சொல்லும்போது அவர் சூரியத் தகட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். தான் ஏணியில் ஏறுவதை மகளிடம் சொல்லவேண்டாம் என்றும் அக்காவிடம் கேட்டுக்கொண்டார்.

நாங்கள் அன்று மதியம் பீனிக்ஸ் திரும்பினோம். பற்றரிகள் இரண்டும் ஆறு வருடம் பழையவை, அடுத்த குளிருக்குத் தாங்காது என்று பஸ் சாரதியம்மா சொல்லியிருந்தார். நான் நாடு திரும்பிய பின், மார்ச் மாதத்தில் அக்கா இரண்டு புதிய பற்றரிகளை வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தார். பெண்மணி காசை மூன்று தவணையில் தருவதாகச் சொல்லி, முதல் தவணையை அங்கேயே எண்ணிக் கையில் வைத்தாராம்.